கூடாரத்தின் தரை

கூடாரத்தில் முக்கியமான பகுதி எது என்று உங்களைக் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? பெரும்பாலோர் கூரை என்பீர்கள். சிலர், கூரையைத் தாங்கி நிற்கும் கம்பும் கயிறுமே முக்கியம் என்பீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். மழை மேலிருந்து வருகிறது. ஆகையால் காவலும் மேலேதான் இருக்கவேண்டும் என்பது என் நினைப்பு. அந்த நினைப்பு தவறு என்பதைக் கெடார் என்னும் ஊரில் ஓர் இரவு எனக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்தில் ஒரு பகுதி பௌதிகம். மற்றொரு பகுதி மனிதனைப் பற்றியது. இரண்டையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஒன்று கெடார். பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்திலிருந்து 1993-ஆம் ஆண்டு பிரித்து அமைக்கப்பெற்ற மாவட்டம் இது. செம்மண் நிலம், மல்லாட்டைக் கொல்லைகள், கரும்புத் தோட்டங்கள், ஏரிப் பாசனத்தில் நெல், வரப்புகளில் பனைமரங்கள்: இவையே அந்தப் பக்கத்துக் காட்சிகள். நிலக்கடலையைத்தான் அங்கே மல்லாட்டை என்கிறார்கள். நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, பன்னிரண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து கெடார் வழியாகச் செஞ்சிக் கோட்டைக்கு நடந்தே சென்றேன். ஆவணி மாதம். சொர்ணவாரி அறுவடை முடிந்து, களங்களில் புது வைக்கோல் போராய் ஏறிக்கொண்டிருந்த காலம்.

எங்களிடம் பழைய கூடாரங்கள் சில இருந்தன. கனத்த கித்தான் துணியால் ஆனவை. அவற்றோடு புதிய கூடாரம் ஒன்றும் இருந்தது. மாணவர்கள் தங்கள் கைச்செலவுக் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது அது. இருவர் படுக்கலாம். மொத்த எடையோ ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்! கித்தான் கூடாரத்தை இருவர் மாற்றி மாற்றிச் சுமந்து வர, இதை ஒரு பையன் பைக்குள் செருகிக்கொண்டு பாடிக்கொண்டே நடந்தான்.

இத்தனை இலேசாக இருப்பது எப்படி? இதன் துணி நைலான் இழையால் நெய்தது. இழையின் நேர்மையை டெனியர் என்ற அளவால் குறிப்பார்கள். 9000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடை இருக்கிறதோ, அத்தனை டெனியர். எங்கள் கூடாரத்தின் தரைத்துணி 20 டெனியர். ஒன்பது கிலோமீட்டர் நீள இழை வெறும் 20 கிராம் என்றால் அதன் மென்மையை எண்ணிப் பாருங்கள்! அந்த மெல்லிய துணியின் மேல் நீர் புகாதபடி சிலிகான் பூச்சுப் பூசியிருக்கிறார்கள். மனிதனுக்கும் மண்ணுக்கும் நடுவே இருப்பது இந்த ஒரு தாள் கனத்துத் துணிதான்.

கெடாருக்கு அருகே ஒரு தரிசு நிலத்தில், நிலத்துக்கு உரியவரின் அனுமதி பெற்று, மாலை ஐந்து மணிக்குத் தங்கினோம். தரையைச் சுத்தம் செய்யும் வேலையை ஒரு மாணவனிடம் ஒப்படைத்தேன். அவன் அதிகம் பேசாதவன். சீமைக்கருவேல முள்ளையும், சரளைக் கற்களையும், பழைய மல்லாட்டைத் தட்டையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அப்புறப்படுத்தினான். பிறகு நான், புதிய துணி பழுதாகக் கூடாதே என்று, பெரிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தரையில் விரித்து அதன்மேல் கூடாரத்தை அடித்தேன். தாள் நான்கு புறமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் பெரிதுதானே!” என்று பெருமையோடு சொன்னேன்.

நிலத்துக்கு உரிய பெரியவர் இதையெல்லாம் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரய்யா, களத்தில் வைக்கோல் கிடக்கிறது. இரண்டு கட்டு எடுத்துக் கீழே பரப்பிக்கொள்ளுங்கள். வீட்டில் கோரைப்பாய் இருக்கிறது, தருகிறேன். இந்த வழவழப்பில் பிள்ளைகள் எப்படிப் படுப்பார்கள்?” என்றார்.

நான் சிரித்தேன். “ஐயா, இது புதுக்காலத்துக் கூடாரம். இதற்கு வைக்கோலும் வேண்டாம், பாயும் வேண்டாம்” என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

இரவு பதினொரு மணிக்கு இடியுடன் மழை பிடித்தது. எங்கள் வட மாவட்டங்களில் ஆவணி இரவு மழையை அறிந்தவர்களுக்கு அதன் வேகம் தெரியும். இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. கித்தான் கூடாரங்களில் இருந்தவர்கள் ஒருவாறு தப்பித்தார்கள். புதிய கூடாரத்தில் படுத்திருந்த இருவரும் விடியற்காலையில் நனைந்த கோழிகளைப் போல் வெளியே வந்தார்கள். தரைத்துணி ஈரம், நுரைமெத்தை ஈரம், போர்வை ஈரம். ஒருவனுக்குக் குளிர்காய்ச்சல் வேறு கண்டிருந்தது.

எனக்குக் கோபம் பொங்கியது. தரையைச் சுத்தம் செய்த மாணவனை அழைத்தேன். “நீ ஒரு முள்ளை விட்டுவிட்டாய். அது துணியைத் துளைத்துவிட்டது. எல்லோரும் காசு போட்டு வாங்கிய பொருள் உன் கவனக்குறைவால் பாழாயிற்று” என்று மற்ற மாணவர்கள் முன்னிலையில் கடிந்து பேசினேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அந்த முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

அந்த நேரத்தில் பெரியவர் வந்தார். நான் சொன்னதைக் கேட்டிருப்பார் போலும். ஒன்றும் பேசாமல் கூடாரத்தைத் தூக்கிப் பார்த்தார். அடியில் விரித்த தாளுக்கும் தரைத்துணிக்கும் இடையே குளம்போல் நீர் தேங்கி நின்றது. பிறகு இரு மாணவர்களை அழைத்து, தரைத்துணியைச் சூரியனுக்கு நேரே விரித்துப் பிடிக்கச் சொன்னார். “வாத்தியாரய்யா, ஓட்டை எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்றார்.

அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரு துளைகூட இல்லை.

நண்பர்களே! துளையில்லாத துணிக்குள் நீர் எப்படி வந்தது? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் என் பிழைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

முதற் பிழை, நீட்டிக்கொண்டிருந்த தாள். கூடாரத்தின் மேல்விரிப்பிலிருந்து வழிந்த மழைநீர் நேரே மண்ணில் விழுந்திருந்தால் மண் அதை உறிஞ்சியிருக்கும். அல்லது சரிவில் ஓடியிருக்கும். என் தாளோ வெளியே கையேந்தி அந்த நீரை வாங்கி, உள்ளே கூடாரத்தின் அடிக்குக் கொண்டுசென்று சேர்த்தது. பிளாஸ்டிக்கிலிருந்து நீர் கீழே இறங்க வழியில்லை. பாதுகாப்பு என்று நான் விரித்தது பாத்திரமாக மாறிவிட்டது.

இரண்டாவது பிழை, தரையின் சரிவை நான் பொருட்படுத்தாதது. பையன்களின் நுரைமெத்தை இரவெல்லாம் நழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரையிலான இரண்டு மீட்டரில் நிலம் 25 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. கண்ணுக்கு அது சமமாகவே தோன்றியது. ஆனால், நீங்கள் பௌதிகத்தில் உராய்வுக் கெழு என்று படித்திருப்பீர்கள். சாய்தளத்தில் வைத்த பொருள் எப்பொழுது வழுக்கும்? தளத்தின் உயரத்தை அடியின் நீளத்தால் வகுத்தால் வரும் எண், உராய்வுக் கெழுவை மிஞ்சும்பொழுது. இங்கே அந்த எண் எட்டில் ஒரு பங்கு. சிலிகான் பூசிய துணியின்மேல் வழவழப்பான மெத்தைத்துணி கிடக்கும்போது, அவ்வளவு சிறிய சரிவே போதுமானதாகிவிடுகிறது. பட்டுப்புடவையின்மேல் பட்டுப்புடவையை அடுக்கினால் அடுக்கு நழுவிச் சரிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே செய்திதான். படுத்தவுடன் மெத்தை ஓடிவிடுவதில்லை. உறங்குபவன் ஒவ்வொரு முறை புரளும்போதும் பிடிப்புச் சற்றே தளர்ந்து, ஓர் அங்குலம் இறங்குகிறது. நள்ளிரவில் விழித்துப் பார்த்தால் கால்கள் கூடாரச் சுவரை முட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்கவேண்டும். கீழே நழுவிய பையன்கள் என்ன செய்தார்கள்? முழங்காலை ஊன்றி எழுந்து, மெத்தையை மேலே இழுத்துப் போட்டார்கள். இரவில் ஐந்தாறு முறை இது நடந்ததாம். துணியின் நீர் தாங்கும் திறனை, அது எத்தனை உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் தாங்குகிறது என்று மில்லிமீட்டரில் குறிப்பது வழக்கம். எங்கள் தரைத்துணிக்கு 2000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. இப்பொழுது கணக்கைப் போடுங்கள். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவன் நீட்டிப் படுக்கும்போது, அவன் எடை சுமார் 5000 சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிராம். இது 100 மில்லிமீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம். துணிக்கு இது விளையாட்டு. அதே மாணவன் முழங்காலை ஊன்றினால்? பாதி எடை, அதாவது 25 கிலோ, இரண்டு முழங்கால்களின் 50 சதுர சென்டிமீட்டரில் விழுகிறது என்று கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 500 கிராம். அது 5000 மில்லிமீட்டர் நீர்த்தம்பம்! படுத்திருந்தபோது இருந்ததைப்போல் 50 மடங்கு. துணி தாங்கும் அளவைப்போல் இரண்டரை மடங்கு. அடியில் தேங்கிய நீரை முழங்கால்தான் துணியின் இழைகளுக்கு ஊடே பிழிந்து மேலே ஏற்றியிருக்கிறது.

ஆகவே தாள் நீரைக் கொண்டுவந்தது. சரிவு மெத்தையை இறக்கியது. இறங்கிய மெத்தையை ஏற்றப்போன முழங்கால் நீரை உள்ளே அழைத்தது. தாளை விரித்தவன் நான். சரிவான இடத்தைத் தேர்ந்தவன் நான். முள் பொறுக்கிய மாணவன் தன் வேலையைக் குறைவின்றிச் செய்திருந்தான்.

இத்தனை கணக்கும் அன்று காலையிலேயே எனக்குத் தெளிவாகிவிடவில்லை. ஆனால் துளை இல்லை என்பது மட்டும் ஐயமின்றித் தெரிந்தது. எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்தேன். ஆகையால் எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை சார்” என்றான். அந்த இரண்டு சொற்களும் என் கோபத்தைக் காட்டிலும் உயர்ந்தவை. காரணம் தெரியுமுன் குற்றவாளியைத் தேடுவது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.

காய்ச்சல் கண்டவனுக்கு ஓய்வு வேண்டியிருந்ததால் மறுநாளும் அங்கேயே தங்கினோம். இம்முறை பெரியவரே முன்னின்று இடம் காட்டினார். மேடான, நீர் தேங்காத இடம். தாழ்ந்த பக்கத்தில் வைக்கோலைச் சற்றுக் கூடுதலாகப் பரப்பிச் சரிவைச் சமன் செய்தோம். அதன்மேல் தாள், ஆனால் கூடாரத்தின் தரையைவிட எல்லாப் புறமும் நான்கு விரற்கடை உள்ளடங்கும்படி மடித்த தாள். உள்ளே கோரைப்பாய், அதன்மேல் மெத்தை. கோரையின் சொரசொரப்பு மெத்தையை அசையவிடவில்லை. அன்றிரவும் சிறிது தூறியது. எல்லோரும் விடியும்வரை உறங்கினோம். காலையில் வைக்கோலை வெயிலில் உலர்த்தி, மீண்டும் கட்டாகக் கட்டிப் பெரியவரின் களத்தில் சேர்த்தோம். அது மாட்டின் உணவல்லவா? நம் படுக்கைக்காக அது பட்டினி கிடக்கலாகாது.

நண்பர்களே, தரையைக் கருதிப் பார்ப்பது புதிய செய்தி அன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டில் மன்னனின் பாசறை வருகிறது. படைவீரர்கள் கூடாரம் எழுப்புமுன், காட்டுப் புதர்களை வெட்டி அகற்றி நிலத்தைத் திருத்தி, முள்ளை வேலியாகச் சுற்றிலும் வைத்ததை அதில் காண்கிறோம். உள்ளே உறுத்தும் முள் வெளியே காவலாகிறது! சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல், 1907-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் சிறுவர்களுக்கு முதற் பாசறையை நடத்தியவர். வெறுந்தரையில் படுப்பவன் இடுப்பெலும்பு படும் இடத்தில் கிண்ணம் அளவு சிறு குழி தோண்டிக்கொள்ளவேண்டும் என்று அவர் தம் நூலில் அறிவுரை கூறினார். தரை நமக்கு இணங்கவில்லை என்றால் தரையைத் திருத்து என்பதே அதன் கருத்து.

உலகிலேயே அரிதான படுக்கை ஒன்றையும் சொல்லுகிறேன். 1953-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் இரவு, டென்சிங் நார்கேயும் எட்மண்டு ஹில்லாரியும் எவரெஸ்டின் மேல், சுமார் 27,900 அடி உயரத்தில் தங்கினார்கள். கூடாரம் அடிக்கச் சமதரை கிடைக்கவில்லை. உறைந்த கற்களைப் பெயர்த்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு படிகளைத்தான் அவர்களால் அமைக்க முடிந்தது. அந்த இரு படிகளின்மேல் கூடாரத்தை விரித்தார்கள். டென்சிங் கீழ்ப்படியில், சரிவின் விளிம்பை ஒட்டிப் படுத்தார். ஹில்லாரி மேற்படியில் பாதி உட்கார்ந்தும் பாதி சாய்ந்தும் இரவைக் கழித்தார். நழுவினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. மறுநாள் முற்பகல் அவர்கள் சிகரத்தில் நின்றார்கள். அந்த வெற்றிக்குப் பின்னால், கல்லைப் பெயர்த்துத் தரை செய்த அந்த மாலை நேர உழைப்பும் இருக்கிறது.

இனி, நீங்கள் பாசறைக்குச் செல்லும்போது நினைவில் கொள்ளவேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

இடத்தைத் தேர்ந்தபின் தரையைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கூடாரத்தை அடிக்குமுன் அந்த இடத்தில் ஒருமுறை படுத்துப் பாருங்கள். கண் ஏமாறும், முதுகு ஏமாறாது. சிறிது சரிவு தவிர்க்க முடியாததானால் தலை மேட்டிலும் கால் பள்ளத்திலும் இருக்கட்டும். பக்கவாட்டுச் சரிவு மட்டும் ஆகாது.

அடிவிரிப்புக்கு விலை உயர்ந்த பொருள் தேவையில்லை. உரச்சாக்குகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்தால் இலேசான, முள்ளுக்கு எளிதில் அஞ்சாத விரிப்புக் கிடைக்கும். உர வாடை போக நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். பயன்தீர்ந்த விளம்பரப் பதாகையும் உதவும். ஆனால் கனம் அதிகம். எதுவானாலும் கூடாரத்தின் தரையைவிடச் சிறிதாகவே இருக்கட்டும். இந்த ஒன்றை மறந்தால் மற்றவை எல்லாம் வீண்.

மெத்தை நழுவாதிருக்கக் கோரைப்பாய் போதும். பத்தமடைப் பாய்தான் வேண்டும் என்பதில்லை. சந்தையில் விற்கும் சாதாரண முரட்டுப் பாயே இதற்கு ஏற்றது. அந்தச் சுமையும் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. கண்ணாடி பொருத்துவோரும் மீன்தொட்டி செய்வோரும் பயன்படுத்தும் நிறமற்ற சிலிகான் பசையை வாங்குங்கள். கூடாரத் தரையின் உட்புறத்தில், மெத்தை கிடக்கும் இடத்தில், குறுக்குவாட்டில் ஒரு சாண் இடைவெளி விட்டு மெல்லிய கோடுகளாகத் தடவுங்கள். சிலிகான் பூசிய துணியில் வேறு பசை ஒட்டாது, சிலிகானே ஒட்டும். கோடு இன்னும் மெல்லியதாக வேண்டுமானால் டர்பன்டைனில் சிறிது கரைத்துத் தூரிகையால் பூசலாம். டர்பன்டைன் தீப்பற்றும், ஆகையால் வெட்டவெளியில், நெருப்பு அருகில் இல்லாதபோது, பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்யுங்கள். ஒரு முழு நாள் உலரவிட்டு, மேலே சிறிது முகப்பூச்சு மாவைத் தூவித் துடைத்தால், மடிக்கும்போது துணி ஒன்றோடொன்று ஒட்டாது. உலர்ந்த கோடுகள் ரப்பரைப் போல் மெத்தையைப் பற்றிக்கொள்ளும். முதலில் ஒரு மூலையில் சிறிது பூசிச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு முழுவதும் செய்யுங்கள்.

பள்ளியிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பலகையின்மேல் கூடாரத் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் மெத்தைத் துண்டை வைத்து, பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். நழுவத் தொடங்கும்போது உயரத்தை அளந்து, அடியின் நீளத்தால் வகுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சிலிகான் கோடு போட்ட துணியிலும், கோரைப்பாயிலும் அதே சோதனையைச் செய்யுங்கள். மூன்று எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பாடப்புத்தகத்து உராய்வு உங்கள் உறக்கத்தோடு எவ்வளவு நெருங்கியது என்பது விளங்கும்.

இதெல்லாம் உல்லாசப் பயணம் போகிறவர்களுக்குத்தானே என்று சிலர் நினைக்கலாம். 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, இதே விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த குடும்பங்களுக்கு, ஒரு தார்ப்பாயும் அதற்குக் கீழே ஈரமற்ற ஒரு முழம் தரையும் எவ்வளவு பெரிய செல்வம் என்பது தெரியும். அத்தகைய நாளில் தொண்டு செய்யப்போகும் மாணவன், தாளை எப்படி விரிக்கவேண்டும் என்று அறிந்திருந்தால், ஒரு குழந்தை அன்றிரவு நனையாமல் உறங்கும்.

கெடாரை விட்டுப் புறப்பட்ட காலையில் பெரியவரிடம் விடைபெறச் சென்றேன். “ஐயா, முதல் நாளே நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும்” என்றேன். அவர் சிரித்தார். “துணி நல்ல துணிதான், வாத்தியாரய்யா. பூமியைக் கேட்டுவிட்டு விரிக்கவேண்டும், அவ்வளவுதான்” என்றார்.

அன்று புதிய கூடாரத்தைச் சுமந்து வரும் பொறுப்பை, முள் பொறுக்கிய மாணவனிடமே கொடுத்தேன். செஞ்சி செல்லும்வரை அவன் அதை வேறு யாரிடமும் தரவில்லை.